குளிர்நாட்டுக் கிழங்குகளைத் தொண்டாமுத்தூரில் பூக்க வைத்த பதிவு

டுலிப், ஹையசிந்த் இரண்டையும் கோவைப் பக்கம் பூக்க வைக்க முடியும். தோட்டத்து மண்ணில் புதைத்துத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் நடக்காது. கிழங்குக்கு வேண்டிய பனிக்காலத்தை வீட்டுக்குள் நாமே உண்டாக்கிக் கொடுத்தால் நடக்கும். ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் பொறுமை, தை மாதத்துக் குளிர் ஆகியவை இருந்தால் போதும். தொண்டாமுத்தூரை ஒட்டிய எங்கள் வீட்டில் சில பருவங்களாகச் செய்துவருவதை, எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதைச் செய்யச் செய்ய, நம் ஊரில் கேட்காமலே பூக்கும் கிழங்குகள் மேல் எனக்குப் பிரியம் கூடிப்போனது. அதனால் பதிவின் பின்பாதி அவற்றைப் பற்றியது.

டுலிப்பின் பூர்வீகம் நடு ஆசியாவின் தியன் ஷான், பாமிர் மலைச்சரிவுகள். அங்கே கோடை வறண்டு கிடக்கும், குளிர்காலத்தில் பனி மூடும். பனி உருகும் கொஞ்ச காலத்துக்குள் இலை விட்டு, பூத்து, விதைத்து, மறுபடி மண்ணுக்குள் அடங்கிவிட வேண்டும். 1593இல் குளூசியஸ் என்ற தாவர அறிஞர் நெதர்லாந்தின் லெய்டன் தாவரவியல் தோட்டத்தில் நட்டதிலிருந்து அது டச்சுக்காரர்களின் பூ ஆகிப்போனது. ஆனாலும் அதன் உடம்புக்குள் ஓடுவது இன்னும் அந்த மலைச்சரிவின் நாட்காட்டிதான். நம் நாட்டில் அந்தக் குளிர் இயல்பாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று காஷ்மீர். ஸ்ரீநகரில் ஜபர்வன் மலையடிவாரத்தில் 2007இல் திறந்த டுலிப் தோட்டம் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பூத்துக் கிடக்கும்.

எங்கள் பக்கம் மேற்கே வெள்ளிங்கிரி மலை இருப்பதால் மார்கழி, தை விடிகாலைகளில் 17, 18 டிகிரி வரை இறங்கும். நாம் சால்வை போர்த்திக்கொள்ளும் குளிர் அது. டுலிப் கிழங்குக்கு அது குளிர் என்ற கணக்கிலேயே வராது. அதற்கு 2 முதல் 9 டிகிரிக்குள் 12 முதல் 16 வாரம் வேண்டும். ஹையசிந்துக்கு 10 முதல் 14 வாரம் போதும்.

இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், எந்தக் குளிர்நாட்டுப் பூவும் தாங்காது. ஆகவே தை கடைசியிலோ மாசி முதலிலோ பூ விரிய வேண்டும். அப்படியென்றால் அக்டோபர் நடுவில், அதாவது ஐப்பசி பிறக்கும்போதே, கிழங்கு ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். கார்த்திகையில்தான் கிழங்கு கைக்கு வருகிறது என்றால் டுலிப்பை அந்த வருஷம் விட்டுவிட்டு ஹையசிந்த் மட்டும் வாங்குங்கள். விற்பவரே குளிரூட்டி அனுப்பும் கிழங்குகளும் உண்டு. அவற்றுக்கு எத்தனை வாரக் குளிர் கொடுத்தார்கள் என்று கேட்டு, மீதி வாரங்களை மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

கிழங்கு வாங்கும்போது சுற்றளவைக் கேட்பது முக்கியம். டுலிப் 12 சென்டிமீட்டர் சுற்றளவுக்குக் குறையாமலும், ஹையசிந்த் 16, 17 சென்டிமீட்டரும் இருக்கட்டும். சிறிய கிழங்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் வெறும் இலையை மட்டும் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். டுலிப்பில் முன்கூட்டியே பூக்கும் குட்டை வகைகளே நமக்கு ஏற்றவை. ஹையசிந்தில் டெல்ஃப்ட் புளூ என்ற நீல வகை எங்கள் வீட்டில் ஏமாற்றியதே இல்லை. ஒருமுறை ஆன்லைனில் வாங்கிய பெட்டியில் பாதிக் கிழங்கு கொழகொழவென்று, புளித்த வாடையோடு வந்தது. வெயில் நாளில் ஏதோ கிடங்கில் மூடிக் கிடந்திருக்கும். அப்படிப்பட்டவற்றை நல்ல கிழங்கோடு சேர்த்து வைக்கவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நல்ல கிழங்கைத் தேர்வதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயம் போடாத தோட்டம் இந்தப் பக்கம் குறைவு. பல்லடம், பொங்கலூர், தாராபுரம் என்று எங்கே போனாலும் வெங்காயப் பட்டறை இருக்கும். தரையிலிருந்து உயர்த்தி, பக்கமெல்லாம் காற்றோடும்படி தடுப்பு வைத்து, மேலே கூரை போட்டு மாதக்கணக்கில் வெங்காயத்தைக் கெடாமல் வைத்திருப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் என் கையிலிருந்த ஹையசிந்தை வாங்கி, கழுத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வெங்காயமாட்டவே இருக்குதுங். கழுத்துக் காஞ்சிருக்குது, நல்ல காய்தான். ஏனுங், இதைக் காத்தாட வெக்கோணுமா, ஈரத்துல வெக்கோணுமா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில்: முதலில் காற்றாட, கடைசியில் ஈரத்தில். இதன் முழு விவரம் ஃபிரிட்ஜ் பகுதியில் வருகிறது.

அதற்கு முன் ஒரு காரியம் செய்து பார்க்கச் சொல்வேன். வாங்கியதில் ஒரு டுலிப் கிழங்கை மட்டும் எடுத்து அரிவாள்மனையில் மேலிருந்து கீழாக நேர்பாதியாக நறுக்குங்கள். ஒரு கிழங்கு வீணாகிறதே என்று நினைக்க வேண்டாம். அடியில் தட்டையாக, கெட்டியாக இருப்பதுதான் தண்டு. அதன் மேல் ஒன்றையொன்று தழுவி நிற்கும் வெள்ளைச் சதை மடல்கள் எல்லாம் உணவு சேர்த்து வைத்த இலைகள். நடுவில், மடல்களின் மடியில், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய வெளிறிய குருத்து ஒன்று தெரியும். அதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆறு இதழ், ஆறு மகரந்தக் கம்பி, நடுவில் மூன்று முனையுள்ள சூலகம் என்று முழுப் பூவும் அங்கே இருக்கும். போன கோடையில், கிழங்கு வெறுமனே தூங்குவதாக நாம் நினைக்கும் மாதங்களில், அது தனக்குள் பூவைக் கட்டி முடித்துவிட்டது. முதல்முறை இதைப் பார்த்தபோது வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்படியானால் குளிர் எதற்கு? பூவை உண்டாக்க அல்ல, அதை வெளியே கொண்டுவர. குளிரில் இருக்கும்போது மடல்களில் உள்ள மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது, தண்டு நீள்வதற்கான சுரப்புகள் வேலை செய்யத் தயாராகின்றன. போதிய குளிர் படாத கிழங்கை நட்டால் இலை வரும், பூ மட்டும் தண்டு நீளாமல் இலைகளின் இடுக்கிலேயே சிக்கிக் கருகும். நம் ஊரில் டுலிப் நட்டு ஏமாந்தவர்கள் பலர் பார்த்திருப்பது இதைத்தான். உரம் போதவில்லை, மண் சரியில்லை என்று தேடுவார்கள். மண்ணில் ஒரு குறையும் இருக்காது.

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம்.

சமையலறை ஃபிரிட்ஜில் இதைச் செய்வது சிரமம். எங்கள் பக்கம் வாழைத்தோட்டம் அதிகம். வீட்டில் எப்போதும் நேந்திரனோ பூவனோ ஒரு சீப்பு பழுத்துக்கொண்டிருக்கும், ஃபிரிட்ஜில் தக்காளி இருக்கும், ஆப்பிள் இருக்கும். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அந்த வாயு பட்டால் கிழங்குக்குள் நாம் பார்த்த அந்தக் குட்டிப் பூ உள்ளேயே காய்ந்துபோகும். வெளியே கிழங்கு திடமாக, அழகாக இருக்கும், பூ மட்டும் செத்திருக்கும். அழுகல் பூசணம் பிடித்த டுலிப் கிழங்கும் இதே வாயுவை ஏராளமாக விடும். புளித்த வாடைக் கிழங்கைத் தள்ளி வைக்கச் சொன்னது இதனால்தான். ஒன்று மற்றவற்றின் பூவையெல்லாம் கெடுத்துவிடும்.

நான் மாடியறையில் இருந்த பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை இதற்கென்றே ஒதுக்கினேன். தனி ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அந்த மூன்று மாதமும் பழங்களை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், காய்கறித் தட்டைக் கிழங்குக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்து, மறுநாள் பாருங்கள். காற்றில் வைத்தால் கதவு திறக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும், தண்ணீரில் வைத்தால் உண்மையான சூடு தெரியும். 4, 5 டிகிரி காட்டினால் மிகவும் நல்லது. பழைய ஃபிரிட்ஜ்களில் உறைபெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில் சில நேரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அங்கே வைக்க வேண்டாம், உறைந்த கிழங்கு கூழாகிவிடும். மணிக்கணக்கில் கரண்ட் போனாலும் கதவைத் திறக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

வெங்காயம் வரும் வலைப்பையிலோ, துளையிட்ட காகிதப் பையிலோ கிழங்கைப் போட்டு வையுங்கள். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். மேல்தோலில் நீலப் பூசணம் லேசாகத் தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டால் போதும், உள்ளே திடமாக இருந்தால் கவலை இல்லை. பையின் மேல் பெரிய எழுத்தில் பெயரும் வைத்த தேதியும் எழுதுங்கள். 'சாப்பிடக் கூடாது' என்றும் எழுதுங்கள். டாஃபடில் என்ற இன்னொரு குளிர்நாட்டுப் பூவின் கிழங்கு பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், அது நஞ்சு. ஹையசிந்தைக் கையில் எடுக்கும்போது உறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் தோலில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் பட்டால் சேனைக்கிழங்கு நறுக்கியது மாதிரி அரிக்கும்.

இனி ஈரம். குளிர்நாட்டில் கிழங்கு குளிர்காலம் முழுக்கச் சும்மா இருப்பதில்லை. மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாத அந்த மாதங்களில் கீழே வேர் பரப்பிக்கொண்டிருக்கும். வேர் நன்றாக ஓடக் குளிர்ந்த, ஈரமான மண் வேண்டும். காய்ந்த கிழங்கைக் குளிர் முடியும்வரை பையிலேயே வைத்துவிட்டு நேராக வெளியே நட்டால், 30 டிகிரி வெயிலில் வேரும் தண்டும் ஒரே நேரத்தில் புறப்படும். வேர் பின்தங்கும், பூ வாடும். அதனால் கடைசி நான்கு வாரத்தைத் தொட்டியோடு ஃபிரிட்ஜுக்குள்ளேயே கழிக்க விடுகிறேன். மொத்த முறையிலும் எனக்கு அதிகப் பலன் தந்தது இந்த ஒரு படிதான்.

ஃபிரிட்ஜ் தட்டில் அடங்கும் சிறிய நாற்றுத் தொட்டிகள் போதும். கலவை செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கருக்கிய நெல் உமி அரைப் பங்கு. நார்த்தூள் பொள்ளாச்சிப் பக்கம் வண்டி வண்டியாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி அலசி, வடியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிய பிறகே கலக்க வேண்டும். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை ஒரு கைப்பிடி சேர்த்தால் அழுகல் வருவது குறையும். உரம் எதுவும் வேண்டாம். இந்தப் பூவுக்கு வேண்டிய உணவு முழுவதும் கிழங்கின் மடல்களிலேயே இருக்கிறது. கிழங்கின் மூக்கு மண்ணுக்கு மேலே லேசாகத் தெரியும்படி நடுங்கள். டுலிப் கிழங்கில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் தொட்டியின் விளிம்பை நோக்கி வைத்தால் முதல் பெரிய இலை வெளிப்பக்கம் சாயும், பூவை மறைக்காது. கலவை பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக இருக்கட்டும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம்.

தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்து, மேலே குருத்து கட்டைவிரல் நீளம் வந்துவிட்டால் வெளியே எடுக்கலாம். காலண்டரைவிட இந்த அடையாளத்தை நம்புங்கள்.

வெளியே எடுத்ததும் வெயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டிலேயே குளிர்ந்த அறையில், இருட்டான மூலையில் சில நாள் வையுங்கள். எங்கள் பழைய ஓட்டு வீட்டின் உள்ளறை இதற்கு நன்றாக உதவியது. ஹையசிந்துக்கு இந்த இருட்டு அவசியம். தண்டு நீளும் முன்பே வெளிச்சம் பட்டால் பூ கழுத்தில்லாமல் இலைக்குள் உட்கார்ந்துகொண்டே விரியும். ஒரு காகிதக் கூம்பு செய்து தலைமேல் கவிழ்த்து வைத்தால் வெளிச்சத்தைத் தேடித் தண்டு மேலே எழும்பும். நாலு விரல் உயரம் வந்ததும் கூம்பை எடுத்துவிடலாம். வெளுத்த குருத்து ஓரிரு நாளில் பச்சையாகிவிடும்.

அப்புறம்தான் வெயிலோடு போராட்டம். நாற்றுத் தொட்டியை ஒரு பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இரண்டுக்கும் நடுவில் மணல் நிரப்பி, மணலை மட்டும் எப்போதும் ஈரமாக வைத்திருந்தேன். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். மண்சுவர் வழியே ஈரம் ஆவியாகும்போது உள்ளே நாலைந்து டிகிரி குறைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் ஊர் நம்முடையது, காற்று பட்டால் குளிர்ச்சி இன்னும் கூடும். இடம் வடக்குப் பார்த்த திண்ணை. காலை ஒன்பது மணி வரை சாய்வெயில் படலாம், அதற்குப் பிறகு நிழல். தண்ணீருக்குச் சிறுவாணித் தண்ணீரையே விடுகிறேன். போர் தண்ணீர் விட்டால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும், இந்தக் கிழங்குகளின் வேர் அதைத் தாங்காது.

முதலில் விரிவது ஹையசிந்த். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் மட்டும் வைத்தும் இதை வளர்க்கலாம். கிழங்கின் அடி தண்ணீரைத் தொடாமல், வேர் மட்டும் இறங்கும்படி குடுவையின் கழுத்து இருக்க வேண்டும். தொட்டியிலும் குடுவையிலும் எனக்கு ஒரே மாதிரி பூத்தது. அடர்ந்த ஊதா நீலம், மணியாட்டம் நெருங்கிய சின்னப் பூக்கள், ஆசாரம் (வீட்டுக் கூடம்) முழுக்க வாசனை. வெயில் ஏறாத நாட்களில் ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. குளிர்நாட்டுக் கிழங்கு ஒன்றை மட்டும் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஹையசிந்தையே சொல்வேன். குறைந்த வாரக் குளிர், குறைந்த உயரம், போட்ட உழைப்புக்கு நிறைவான பலன்.

டுலிப் பூத்தது, ஆனால் குட்டையாக. ஸ்ரீநகர்ப் படங்களில் பார்க்கும் நீண்ட தண்டு இங்கே வராது. சூடு ஏற ஏறப் பூ அவசரப்படுகிறது. டுலிப்பின் இதழ்களில் ஒரு வேடிக்கையான இயல்பு உண்டு. சூட்டில் இதழின் உள்பக்கம் வேகமாக வளர்ந்து பூ விரியும், குளிரில் வெளிப்பக்கம் வளர்ந்து பூ மூடிக்கொள்ளும். காலையில் கிண்ணமாக நின்ற பூ மத்தியானம் தட்டாக மலர்ந்து கிடக்கும், இரவில் மறுபடி கூம்பும். அந்த ஊரில் இரண்டு வாரம் நிற்கும் பூ இங்கே நாலைந்து நாளில் இதழ் உதிர்த்துவிடுகிறது. பகலில் உள்ளறை, இரவில் திண்ணை என்று இடம் மாற்றினால் இரண்டொரு நாள் கூடுதலாக வைத்திருக்கலாம். அந்தச் சில நாட்களுக்காக அத்தனை வாரம் பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூம்பிய பூவை விடிகாலையில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

டாஃபடில் எனக்குத் திருப்தி தரவில்லை. இலை கொத்துக் கொத்தாக வந்தது, மொட்டுகள் பெரும்பாலும் உறைக்குள்ளேயே பழுப்பாகிக் காய்ந்தன. சூட்டில் அதற்கு இப்படி ஆவது வழக்கம். அதே குடும்பத்தில் பேப்பர்ஒயிட் என்ற வெள்ளை நார்சிசஸ் உண்டு. மத்தியதரைக் கடலோரத்துச் செடியானதால் அதற்குக் குளிரூட்டலே வேண்டாம். கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட கிண்ணத்தில் மார்கழியில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் பூத்துவிடும். வாசனை கொஞ்சம் தூக்கல், சிலருக்குத் தலைவலிக்கும்.

பூத்து முடிந்த டுலிப் கிழங்கை மறுவருஷத்துக்கு வைத்துப் பூக்கவைக்க இங்கே வழியில்லை. டுலிப் தன் தாய்க்கிழங்கை ஒவ்வொரு வருஷமும் தின்று தீர்த்துவிட்டு, பக்கத்தில் புதுக் கிழங்குகளைக் கட்டும் செடி. பூத்த பிறகும் பல வாரங்கள் குளிர்ந்த வெயிலில் இலை பச்சையாக நின்றால்தான் அந்தப் புதுக் கிழங்கு பருக்கும். பங்குனி வெயில் இலையைச் சில நாளிலேயே காய வைத்துவிடும். தோண்டிப் பார்த்தால் பூண்டுப் பல் அளவில் ஏதோ இருக்கும், அது பூக்காது. ஆகவே குளிர்நாட்டுக் கிழங்கு நமக்கு ஒரு பருவத்து விருந்தாளி. மனத்தாங்கல் இல்லாமல் உரக்குழியில் சேர்த்துவிடலாம்.

இனி நம் வீட்டு மனிதர்களைப் போலாகிவிட்ட கிழங்குகளைப் பற்றி.

குளிருக்குப் பயந்து ஒடுங்கும் கிழங்கு ஒரு வகை, வறட்சிக்குப் பயந்து ஒடுங்கும் கிழங்கு இன்னொரு வகை. கொங்கு நாட்டில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை. மார்கழியிலிருந்து பங்குனி வரை மண் காய்ந்து கிடக்கும். சித்திரையில் இடியோடு கோடை மழை இறங்கும். நம் கிழங்குகளுக்கு அதுதான் பனி உருகும் நாள். அவை கேட்பது மண் காய்ந்து கிடக்கும் ஒரு காலம், அதன் பின் ஒரு நல்ல நனைப்பு. இது புரிந்த பிறகு தோட்டத்தை நான் பார்க்கும் விதமே மாறியது. தினமும் தண்ணீர் ஊற்றிச் செடியை அன்பாகப் பார்த்துக்கொள்வதாக நினைக்கும் வீடுகளில் அமரில்லிஸ் பூக்காமலே கிடப்பது இதனால்தான்.

அமரில்லிஸ் என்று நாம் சொல்லும் பெரிய சிவப்பு லில்லி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பாட்டிமார் வாசல் தொட்டிகளில் எத்தனையோ காலமாக இருக்கிறது. அது நாலு இலை விட்டால் கிழங்குக்குள் ஒரு பூந்தண்டுக்கான மொட்டு உருவாகும். ஆக, ஆனியிலிருந்து கார்த்திகை வரை எத்தனை இலையை நன்றாக வளர்க்கிறோமோ அத்தனைக்குப் பூ. இந்த மாதங்களில் மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். மார்கழியில் தொட்டியைச் சாய்ப்புக்கு அடியில் நகர்த்தி, தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். இலை மஞ்சளாகிச் சாயும்போது மனசு பதறும், அப்போதும் ஊற்றக் கூடாது. பங்குனி முதலில் ஒருமுறை நன்றாக நனைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், சில வாரத்தில் கிழங்கின் தோளிலிருந்து பட்டையான பூந்தண்டு கிளம்பும். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும், முழுக்கப் புதைத்தால் அழுகும். தண்டு உள்ளே பொள்ளலானது. நம் ஊர்க் காற்றில் முறியும், அதனால் ஒரு மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டுங்கள்.

ஃபுட்பால் லில்லி இன்னும் எளிது. வருஷத்தில் பாதி நாள் அது இருப்பதே தெரியாது. சித்திரை மழை விழுந்ததும் இலைக்கு முன்னால் பூந்தண்டு எழுந்து, நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சிவப்புப் பூக்கள் சேர்ந்த பந்தாக விரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தாலும் கொங்கு மழையின் கணக்கு அதற்கு அப்படியே பொருந்திப்போனது. மழை லில்லி மழை பெய்த சில நாளிலேயே வரப்பெல்லாம் பூக்கும். ஊற்றும் தண்ணீருக்கு மழைக்குப் பூக்கிற அளவு பூப்பதில்லை என்பது என் அனுபவம்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த செடிகள். நம் மண்ணுக்கே சொந்தமான கிழங்கு செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில்) கிளுவை வேலியைப் பற்றிக்கொண்டு ஏறி, மஞ்சளும் சிவப்புமாக எரியும். கண்வலிக்கிழங்கு என்று சொன்னால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் விதைக்காகக் கம்பிப்பந்தல் போட்டுப் பயிராகவே செய்கிறார்கள், காலையில் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதையிலிருந்து கால்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. கவுட் என்ற மூட்டுவலி நோய்க்குத் தரும் இந்த மருந்தை 1820இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது கால்ச்சிகம் என்ற குளிர்நாட்டுக் கிழங்கிலிருந்து. செங்காந்தளும் கால்ச்சிகமும் ஒரே தாவரக் குடும்பம். காஷ்மீரில் பனி உருகும் ஓரத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஒரு கால்ச்சிகமும் உண்டு. ஒரே குடும்பத்தில் ஒன்று பனிக்குக் காத்திருக்கிறது, இன்னொன்று மூலனூர் வெயிலில் மழைக்குக் காத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, முதல் டுலிப் பூத்தபோது ஏற்பட்டதைவிடப் பெரிது.

வீட்டில் செங்காந்தள் வைக்க விரும்பினால் ஆடி, ஆவணியில் நடலாம். கவைபோன்ற கிழங்கின் ஒவ்வொரு விரலுக்கும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண்தான் இருக்கும். அது உடைந்தால் அந்த விரல் முளைக்காது. அதனால் முட்டையைத் தூக்குவதுபோல் எடுத்துப் படுக்கை வசமாகப் புதைக்க வேண்டும். இலை நுனியே கொடிக்கையாகச் சுருண்டு பற்றும். தடித்த கம்பைவிட மெல்லிய கம்பியும் கிளுவைக் குச்சியும் அதற்கு வசதி. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. குழந்தைகளும் ஆட்டுக்குட்டிகளும் எட்டாத இடத்தில் வையுங்கள், நட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்த வருஷம் ஃபிரிட்ஜில் ஹையசிந்த் மட்டும் வைக்கிறேன். டுலிப்புக்குச் செலவழித்த பணத்தில் அமரில்லிஸ் பக்கக் கிழங்குகளைப் பிரித்து வைக்கப் பெரிய மண்தொட்டிகள் வாங்கியாகிவிட்டது. தாய்க்கிழங்கை ஒட்டி வரும் குட்டி, எலுமிச்சை அளவு பருத்து, தனக்கென வேர் விட்ட பிறகே பிரிக்க வேண்டும். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் நாலு குட்டி கேட்டு வாங்கிப் போயிருக்கிறார், பட்டறைக்கு முன்னால் வரிசையாக வைக்கப் போகிறாராம்.